ஷியோயா தெருவில் சுழலக்கூடாத ஒன்று

உகிதா சென்சே தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்ததும், நவாதா தன் கையிலிருந்த அரிசி வறுவலைக் கடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தார். கடித்தால் சத்தம் வரும். கடிக்காவிட்டால் கூட்டம் முடியும்வரை அதைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். தெருக்கூட்டங்களில் அவர் சொந்தமாக எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும்.

“‘கோட்டையின் நிழலில், உப்பு வணிகர்களின் வியர்வையில் விளைந்தது ஷியோயா தெரு...’”

சென்சே, அதாவது ஆசிரியர், என்றே தெரு அழைக்கும் அவர் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது ஷியோயா தெரு மரபுக் காப்புக் குழுவின் தலைவர். பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தின்போது பிள்ளைகள் மயங்கி விழும்வரை பேசிப் பழகியவர். இங்கே அந்த வசதி இல்லை. எல்லாரும் ஏற்கெனவே பாயில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

தெருவை மரபுத் தெருவாக மாகாண அரசு அங்கீகரித்துவிட்டது. தெரு முனையில் தேவதாரு மரத்தால் செய்த ஒரு பெரிய அறிமுகப் பலகை வைக்கப் போகிறார்கள். அடுத்த மாதம் திறப்பு விழா. பலகையில் பொறிக்கும் வாசகத்தை சென்சே கோடை முழுக்க எழுதினார். எழுதியதைக் கூட்டம் தவறாமல் வாசித்தார். ஒவ்வொரு முறையும் அதில் ஓர் அரிய சொல் கூடியிருக்கும், ஓர் உண்மை குறைந்திருக்கும்.

“‘முந்நூறு ஆண்டுகளாக மாறாத மரச்சட்ட வீடுகள்...’”

நவாதாவின் தாத்தா காலத்துத் தீவிபத்தில் தெருவில் முக்கால்வாசி எரிந்துபோனது. மிச்சமிருந்ததில் பாதியை மக்களே இடித்துவிட்டு வசதியாகக் கட்டிக்கொண்டார்கள். சென்சேயின் வீடே அவர் கல்யாணம் செய்துகொண்ட வருஷம் கட்டிய கான்கிரீட் வீடுதான். முகப்பில் மரச்சட்டங்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். மழைக்காலத்தில் ஒன்றிரண்டு கழன்று விழும். எதிர்வீட்டுக்காரர்கள் அதைப் பொறுக்கி வந்து, இரண்டு கைகளாலும் மரியாதையாக நீட்டி, “மரபு விழுந்துடுச்சுங்க” என்று சொல்லாமல், “காத்து பலமா அடிச்சுது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

“‘இத்தெருவில் காலம் சுழல மறந்து நிற்கிறது.’” சென்சே தாளைக் கீழே வைத்தார்.

நல்ல இடைவெளி விட்டு எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். பிறகு எல்லாருடைய பார்வையும் நவாதாவை நோக்கி வந்து, அவர் முகத்தைத் தொடாமல், அவர் முழங்காலுக்கு முன்னாலிருந்த பாயின் ஓரத்தில் மரியாதையாக நின்றது.

“நவாதா சான் கடையில இருக்கிற கம்பம்,” என்றார் சென்சே, ‘சான்’ என்ற மரியாதை ஒட்டோடும் புன்னகையோடும், “ரொம்ப நல்லா சுத்துது.”

“தெரு முனையிலேர்ந்தே தெரியுதே,” என்றார் சாகே மது விற்கும் கடைக்காரர்.

“ராத்திரி என் படுக்கையறைச் சுவரெல்லாம் சிவப்பும் நீலமுமா ஓடுது. திருவிழா மாதிரி இருக்கு,” என்றாள் எதிர்வீட்டு அம்மாள்.

“தினமும் துடைக்கணும், மோட்டாருக்கு எண்ணெய் விடணும். உங்களுக்கு எவ்வளவு சிரமம்! பாவம்.” இது மறுபடியும் சென்சே.

ஷியோயா தெருவில் ஒருவர் பாராட்டினால் அது பாராட்டு. மூன்று பேர் பாராட்டினால் அது நோட்டீஸ். இரண்டாவது ஆள் பேசும்போதே நவாதாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் கடை வாசலில், கண்ணாடிக் குழலுக்குள் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகப் பட்டைகள் மேலேறி மேலேறிப் போய்க்கொண்டே இருக்கும் அந்தச் சுழல்கம்பம் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. நாடு முழுக்க எந்த முடிதிருத்தும் கடையிலும் கணக்கு ஒன்றுதான். கம்பம் சுற்றினால் கடை திறந்திருக்கிறது. நின்றால் மூடியிருக்கிறது. கதவைத் தள்ளிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

“யோசிக்கிறேங்க,” என்றார் நவாதா.

இந்த ஊரில் யோசிக்கிறேன் என்றால் முடியாது என்று அர்த்தம். பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் முப்பது வருஷம் பிள்ளைகளை அடக்கி ஆண்டவருக்கு, தனக்கு வசதிப்படும்போது மட்டும் அது தெரியாது.

“நவாதா சானோட பெருந்தன்மைக்கு நன்றி!” என்று சென்சே தலை குனிந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் நவாதா வறுவலைக் கடித்துக்கொண்டார். அன்றைய கூட்டத்தில் அவருக்குக் கிடைத்த ஆதாயம் அது ஒன்றுதான்.

இரண்டு நாள் கழித்து சுற்றறிக்கைப் பலகை வந்தது. வீடு வீடாகப் போய், ஒவ்வொருவரும் தம் பெயருக்கு எதிரே முத்திரை குத்தி அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவது. ‘சுழலும் விளக்குகளைத் தவிர்ப்போம்’ என்று தலைப்பு. தெருவில் சுழலும் விளக்கு மொத்தம் ஒன்றுதான் இருந்தது. எல்லாக் கட்டங்களும் சிவப்பு முத்திரையால் நிறைந்து, நவாதாவின் கட்டம் மட்டும் கால்சட்டை போட மறந்த ஆள் மாதிரி வெறுமையாக நின்றது. அவர் குத்திவிட்டார்.

“குத்துறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றாள் மித்சுயோ. அவர் மனைவி. கடையில் முகச்சவரமும் தலை கழுவுவதும் அவள் பொறுப்பு. மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடும் பழக்கம் உள்ளவள். அவள் வெளியூர்.

“எல்லாரும் குத்திட்டாங்க மித்சுயோ.”

“எல்லாருமா இங்க கடை வச்சிருக்காங்க? நின்னுபோன கம்பத்தைப் பார்த்துட்டு எவன் உள்ள வருவான்?”

“தெருக்காரங்களுக்குத் தெரியாதா? அவங்கதானே நிறுத்தச் சொன்னாங்க.”

இதைச் சொல்லும்போது நவாதாவுக்கு அது ரொம்ப நியாயமான வாதமாகத் தோன்றியது. நியாயமான வாதங்களை நம்பித்தான் மனிதன் கெட்டுப்போகிறான். அவர் போய்ப் பொத்தானை அணைத்தார். பட்டைகள் மெதுவாகி, நீலம் பாதியில் நின்றது.

அன்றைக்கு ஒருவரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

வராமல் போனால்கூடப் பரவாயில்லை. வந்தார்கள். வாசல்வரை வந்தார்கள். வழக்கமாக மாத நடுவில் தலையை ஒழுங்கு செய்துகொள்ளும் சாகே கடைக்காரர் வந்து, கம்பத்தைப் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, கண்ணாடிக்கு உள்ளே வெள்ளை அங்கியோடு கத்தரியும் கையுமாக நிற்கிற நவாதாவைப் பார்த்து, தொந்தரவு செய்துவிட்டேனே என்று குனிந்து வணங்கிவிட்டுப் போனார். நவாதாவும் பழக்க தோஷத்தில் பதிலுக்கு வணங்கிவிட்டார். வணங்கி நிமிர்வதற்குள் ஆள் போயாகிவிட்டது.

“கதவைத் திறந்து கூப்பிடுங்களேன்!” என்றாள் மித்சுயோ.

“தெருவுல போறவரைக் கூவிக் கூப்பிடறதுக்கு நானென்ன ஸ்டேஷன் வாசல்ல துண்டுச்சீட்டு குடுக்கிறவனா?”

“அப்படின்னா இப்படியே குனிஞ்சுகிட்டே இருங்க. முதுகு பலப்படும்.”

ஒரு வாரம் போனதும் வாசலில் ஒரு பை தொங்கியது. உள்ளே நல்ல பழுத்த சீமைப் பனிச்சைப் பழங்கள். யார் வைத்தது என்று தெரியவில்லை. மறுநாள் கஞ்சிப் பொட்டலங்கள் வந்தன. அதற்கு மறுநாள் வந்த திராட்சைப் பெட்டியில் சிவப்பு வெள்ளை நாடா கட்டி, ‘உடல்நலம் தேற’ என்று எழுதியிருந்தது.

“யாருக்கு உடம்பு சரியில்ல?” என்றார் நவாதா.

மித்சுயோ அவரை மேலும் கீழும் பார்த்தாள். “உங்களுக்குத்தான்.”

ஊறுகாய்க் கடை தெத்சுஜியிடம் கேட்டால் தெரியும் என்று நவாதா போனார். தெத்சுஜியும் அவரும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். தெருவிலேயே அவரை ‘டா’ போட்டுப் பேசுவது தெத்சுஜி ஒருவன்தான். முள்ளங்கிப் பீப்பாய்க்குள் முழங்கைவரை கைவிட்டிருந்தவன், நவாதாவைப் பார்த்ததும் பதறிக் கையை வெளியே எடுத்தான்.

“டேய், நீ ஏன்டா எழுந்து வந்தே? உட்காரு, உட்காரு. அந்த நாற்காலி ஆடும், இதுல உட்காரு.”

“எனக்கு ஒண்ணுமில்லடா.”

“சரிடா, சரி. உனக்கு ஒண்ணுமில்ல.” தெத்சுஜியின் குரல் குழைந்தது. “உங்கப்பாவும் கடைசி வரைக்கும் இதேதான் சொன்னாரு. ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிச் சொல்லியே போயிட்டாரு.”

“கடை திறந்துதான்டா இருக்கு! தினமும் காலையில வந்து நிக்கிறேன்!”

“பார்த்தேன். பார்த்துட்டுக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. படுக்கவேண்டிய உடம்பை வச்சுகிட்டு எப்படித்தான் நிக்கிறியோ!”

“கம்பத்தை நிறுத்தச் சொன்னது நீங்கதானேடா? நீயும்தானே முத்திரை குத்தினே?”

“குத்தினேன். அது தெருவோட அழகுக்கு. ஆனா கம்பம் நின்னா கடை லீவுதானே?” இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். சொன்னதில் எந்தச் சிக்கலும் அவனுக்குத் தெரியவில்லை. நவாதாவுக்குத் தலை சுற்றியது. தெருவில் சுற்ற அனுமதிக்கப்பட்டது இப்போது அது ஒன்றுதான்.

அப்போதுதான் தெத்சுஜியின் தலையைக் கவனித்தார். காதை மூடிக் கழுத்துப் பட்டையில் உட்கார்ந்திருந்தது முடி.

“உன் தலை என்னடா இப்படி? வேற எங்கயாவது போய் வெட்டியிருக்கலாமில்ல? ஸ்டேஷன் பக்கம் பத்து நிமிஷத்துல வெட்டுறான்.”

தெத்சுஜியின் முகம் சிவந்துபோனது. “நீ படுத்துக் கிடக்கும்போது நான் இன்னொருத்தன்கிட்டப் போய்த் தலையைக் குடுத்தா நானெல்லாம் மனுசனாடா? தெருவுல ஒருத்தர் போகலையே! சாகே கடைக்காரர் போகல. ஏன், சென்சேயே போகல. நீ தேறி வர்ற வரைக்கும் யாரும் வெட்டுறதில்லன்னு... யாரும் பேசி வச்சுக்கல. தானா அப்படி ஆயிடுச்சு.”

தெத்சுஜி நவாதா கையில் ஒரு டப்பா முள்ளங்கி ஊறுகாயைத் திணித்து, ராத்திரி கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளச் சொன்னான்.

ஆக, நிலவரம் இதுதான். கம்பம் நிற்கிறது, ஆகவே யாரும் வர மாட்டார்கள். நவாதாவுக்கு உடம்பு சரியில்லை, ஆகவே யாரும் வேறெங்கும் போக மாட்டார்கள். நவாதா தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல நோய் முற்றிக்கொண்டே போகும். எல்லாரும் நல்லவர்கள். ஓர் ஆள்கூடக் கெட்டவன் இல்லை. ஒரு கெட்டவன் இருந்திருந்தால் சண்டை போட்டாவது பிழைத்திருக்கலாம்.

‘திறந்திருக்கிறது’ என்று ஒரு தாளில் பெரிதாக எழுதி மித்சுயோ கண்ணாடியில் ஒட்டினாள். ஒட்டிய பசை காய்வதற்குள் சென்சே வந்துவிட்டார். கடைக்குள் வரவில்லை, வாசலில்தான். தாள் தெருவின் அழகுக்குப் பொருந்தாது என்று சொல்லாமல், தாள் மழையில் நனைந்துவிடுமே என்று கவலைப்பட்டார். மரப் பலகையில் தானே தூரிகையால் எழுதித் தருவதாகச் சொன்னார். எழுதியும் தந்தார். பழங்கால ஓடுகையெழுத்து. ஈரமான மண்ணில் கோழி நடந்துபோன மாதிரி கம்பீரமாக இருந்தது. தெருவில் யாராலும் அதை வாசிக்க முடியவில்லை. வாசிக்க முடியவில்லை என்று சொல்லவும் யாராலும் முடியவில்லை. நின்று, தலையாட்டி, “சென்சே கைன்னா கைதான்” என்று வியந்துவிட்டுப் போனார்கள்.

சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் அதன் பொருள் பளிச்சென்று விளங்கியது. அருங்காட்சியகம். ஓடாத கம்பம், பழைய எழுத்துப் பலகை, தோல் நாற்காலி, சுவரில் நவாதாவின் அப்பா வாங்கிப் போட்ட கடிகாரம். வேறென்ன வேண்டும்? கண்ணாடியில் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்தார்கள். ஒரு மதியம் நவாதா தன் வாடிக்கையாளர் நாற்காலியிலேயே உட்கார்ந்து சுவரை வெறித்துக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு பெண் தோழியிடம் சொல்வது நன்றாகக் கேட்டது.

“பொம்மை எவ்வளவு தத்ரூபமா இருக்கு பாரேன்! கண்ணுக்குக் கீழ இருக்கிற பையைக்கூட விடல.”

“முகத்துல என்னமோ ஒரு வெறுப்பு. அதைத்தான் ரொம்ப நல்லா செஞ்சிருக்காங்க.”

நவாதா மெதுவாகத் தலையைத் திருப்பி அவர்களைப் பார்த்தார். இருவரும் அலறிக்கொண்டு சாகே கடைப் பக்கம் ஓடினார்கள்.

அன்று சாயங்காலம்தான் அந்தத் தொலைபேசி வந்தது. ரயில் நிலைய வணிக வளாகத்தில் பத்து நிமிடத்தில் முடி வெட்டிவிடும் கடையின் மேலாளர். ஆள் தேவைப்படுகிறது. அனுபவசாலி வேண்டும். நாற்காலிக்கு அருகில் ஒரு குழாய் இருக்கும், வெட்டி முடித்ததும் அதை வைத்துத் தலையிலிருக்கும் முடியை உறிஞ்சிவிட வேண்டும். பேச வேண்டியதில்லை, பேசினால் நேரம் போகும். மித்சுயோவுக்கு அங்கே வேலை இல்லை. அங்கே யாருக்கும் முகச்சவரம் கிடையாது.

“உங்க முடிவைக் கேக்க வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிடுறேங்க,” என்றான் மேலாளர்.

“போறீங்களா?” என்றாள் மித்சுயோ. அவள் கேட்ட விதத்தில் கேலி இல்லை. அதுதான் நவாதாவைக் கலக்கியது.

“போகாம? இங்க பொம்மையா உட்கார்ந்திருக்கவா?”

“ரெண்டு பேரும் சேர்ந்து நின்ன கடைங்க இது.”

“தெரியும்.”

அவள் சவரக் கத்திகளை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தாள். ஒரு மாதமாக யார் கன்னத்தையும் தொடாத கத்திகள். தீட்டத் தேவையே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் திறப்பு விழா. தெருவில் விளக்குத்தோரணம் கட்டினார்கள். அரசு அலுவலகங்களிலிருந்து பெரியவர்கள் வரப்போகிறார்கள். பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். குழுவினர் எல்லாரும் குடும்ப முத்திரை பொறித்த கறுப்பு அங்கிகளை வெளியே எடுத்துக் காற்றாடப் போட்டிருந்தார்கள். அங்கிகளுக்கு மேலே வரப்போகும் தலைகளைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கிய கூட்டம் ஒன்று கறுப்பு அங்கி அணிந்து நாடாவை வெட்டுவது போல இருக்கப்போகிறது.

மதியத்துக்கு மேல் உகிதா சென்சே கடை வாசலில் தோன்றினார். எப்போதும் எண்ணெய் தடவி ஒரு பக்கமாகப் படிய வாரியிருக்கும் வெள்ளி முடி, இப்போது அவருடைய தூரிகையைத் தலைகீழாக நட்டு வைத்ததுபோல் நின்றது. முதலில் தான் எழுதிய பலகையை ரசித்தார். பிறகு கம்பத்தைப் பார்த்தார். கண்ணாடி வழியே நவாதாவைப் பார்த்தார். வணங்கினார். நவாதா வணங்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, அப்படியே நின்று பார்த்தார். சென்சே நான்கு அடி போய்விட்டுத் திரும்பி வந்தார். மறுபடி பலகையைப் படித்தார். தன் எழுத்தில் பிழை தேடுகிறாரோ என்னவோ. கடைசியில் கதவு அசைந்து, ஒரு விரல்கடை திறந்தது.

“நவாதா சான், உடம்பு எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு சென்சே.”

“நீங்க அப்படித்தான் சொல்லுவீங்கன்னு தெத்சுஜி சான் சொன்னாரு.” சென்சே தொண்டையைக் கனைத்தார். “இலையுதிர்காலக் குளிர் வந்துடுச்சு, இல்லையா?”

“வந்துடுச்சு.”

“காத்துல முடியெல்லாம் பறக்குது.”

“பறக்கட்டுமே. பார்க்க நல்லா இருக்கு.”

சென்சே சற்று நேரம் தன் காலணியைப் பார்த்தார். தெருவில் மற்றவர்கள் அவருக்காகச் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். அவர் முப்பது வருஷமாக எதையும் நேரடியாகக் கேட்டு வாங்கியதில்லை. நவாதா உதவிக்கு வரவில்லை. பின்னால் மித்சுயோ இருமினாள். அது சிரிப்பை அடக்கும் இருமல்.

“நாளைக்கு... விழா,” என்றார் சென்சே.

“ஆமா.”

“நான் பேசணும்.”

“பேசுங்க.”

“முடி வெட்டணும்,” என்றார் சென்சே, பள்ளிக்கூடத்தில் தவறு செய்து மாட்டிக்கொண்ட பையனின் குரலில். “வெட்டி விடுங்க நவாதா சான்.”

“அதுக்குத்தான் கடை. உள்ள வாங்க. ஒரு மாசமா திறந்துதான் இருக்கு.”

“கம்பம் சுத்தலையே!”

“சுத்தக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நான் எங்க சொன்னேன்? நல்லா சுத்துதுன்னுதானே சொன்னேன்?”

இதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் ராத்திரியாகிவிடும். நவாதா துணியை உதறி அவர் கழுத்தில் கட்டினார். கட்டும்போது கொஞ்சம் இறுகிவிட்டது. தளர்த்தினார். கத்தரி ஓட ஆரம்பித்ததும் கை தானாகவே சந்தோஷப்பட்டது. மனதுக்குத்தான் பிடிக்கவில்லை. வலது காதைச் சுற்றி, பிடரி வரை வந்து, அந்தப் பக்கத்தை முழுதாக முடித்துச் சீப்பைத் துடைத்தபோது தொலைபேசி அடித்தது.

மித்சுயோ எடுத்தாள். கேட்டாள். நவாதாவிடம் நீட்டினாள்.

“ஆமா, நவாதாதான் பேசுறேன்,” என்றார் அவர். சென்சே கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வரேங்க. ஆமா, முடிவு பண்ணிட்டேன்... கடையா? மூடிடுவேன். மூடின மாதிரிதான் இருக்கு... இல்லைங்க, திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு? நாளைக்கே வேணும்னாலும் வரேன். இங்க வேலை ஒண்ணும் இல்ல. ஒரு நிமிஷம், லைன்லயே இருங்க...”

நாற்காலியில் துணிக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து, அவர் அங்கியைப் பிடித்து இழுத்தது.

“எங்க போறீங்க?”

“ஸ்டேஷன் கடைக்கு. அங்க கம்பமே கிடையாதாம். சீட்டு குடுக்கிற மெஷின் இருக்காம்.”

“இந்தப் பக்கம்?” சென்சே தன் இடது காதைத் தொட்டார். வலப்பக்கம் தலைமையாசிரியரும் இடப்பக்கம் தீவில் ஒதுங்கியவருமாகக் கண்ணாடியில் தெரிந்தார். “தெருவுக்கு யார் வெட்டுறது?”

“தெருவுக்குத்தான் வெட்டிக்கவே வேண்டாமே! நாலு வாரமா யாரும் வரல சென்சே. பழம் வருது, கஞ்சி வருது, மனுசன் வரல. கம்பம் சுத்துனாதான் வருவீங்க. சுத்துனா உங்க காலம் கெட்டுப்போகும். நான் என்னதான் பண்றது, நீங்களே சொல்லுங்க. பாராட்ட வேணாம். சொல்லுங்க.”

இவ்வளவு வார்த்தைகளை ஒரே தடவையில் நவாதா தெருவில் யாரிடமும் பேசியதில்லை. மித்சுயோ தீட்டுவதை நிறுத்திவிட்டாள். தொலைபேசியில் மேலாளர் ‘ஹலோ, ஹலோ’ என்றான்.

சென்சே கண்ணாடியைப் பார்த்தார். இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒரு மனிதனின் கொள்கை எவ்வளவு உறுதியானது என்பது அவன் தலை பாதி வெட்டப்பட்டிருக்கும்போதுதான் தெரியும். அவருடையது அரை நிமிடம் தாங்கியது.

“மோட்டார்,” என்றார்.

“என்ன மோட்டார்?”

“எந்த மோட்டாரையும் நிறுத்தியே வச்சா துருப்பிடிச்சுடும் இல்லையா? கம்பம் உங்கப்பா காலத்துது. அதுவும் ஒரு மரபுப் பொருள்தான். மரபுப் பொருள் கெட்டுப்போகாம பார்த்துக்கிறது குழுவோட கடமை.” பேசப் பேசக் குரலில் பழைய கம்பீரம் ஏறியது. “பராமரிப்புக்காக அதை ஓட்டலாம். ஓட்டத்தான் வேணும்.”

“எவ்வளவு நேரம்?”

“துரு எப்ப பிடிக்கும்னு யாருக்குத் தெரியும்? காலையிலேர்ந்து நீங்க ராத்திரி கடை மூடுற வரைக்கும்னு வச்சுக்குங்களேன். திங்கக்கிழமை உங்களுக்கு லீவுதானே? அன்னிக்கு வேணாம்.”

“ராத்திரி எதிர்வீட்டு அம்மா சுவர்ல திருவிழா நடக்குமே?”

“அவங்க திரை போட்டுப்பாங்க. நான் போய், அவங்க ஜன்னல் ரொம்ப அழகா இருக்குன்னு சொல்றேன்.”

நவாதா தொலைபேசியைக் காதில் வைத்தார். “மன்னிச்சுக்குங்க. நான் வரல... இல்லைங்க, சம்பளம் காரணமில்ல. இங்க துருப்பிடிக்காம பார்த்துக்கணும்.” மேலாளர் என்ன நினைத்தானோ.

மித்சுயோ அதற்குள் பொத்தானைப் போட்டுவிட்டாள். பாதியில் நின்ற நீலம் ஒருமுறை முனகிவிட்டு மேலேறியது.

சென்சேயின் இடது காது வெளியே வருவதற்குள் தெருவில் கதவுகள் தள்ளப்படும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. சாகே கடைக்காரர் ஓடியும் ஓடாமலும் வந்தார். தெத்சுஜி முள்ளங்கி வாசனையோடு வந்தான். குழு முழுக்க வந்தது. யார் முதலில் என்பதில் பெரிய விட்டுக்கொடுப்புப் போட்டியே நடந்து, யாரும் உட்காராமல் கொஞ்ச நேரம் வீணாயிற்று. ஒவ்வொருவரும் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரே கேள்விதான்.

“உடம்பு தேவலையா நவாதா சான்?”

முதல் ஆளிடம் நவாதா நடந்தது முழுவதையும் விளக்கினார். அவர் மிகுந்த அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, காய்ச்சல் தலைக்கு ஏறியிருந்தால் இப்படித்தான் குழப்பமாக ஞாபகம் இருக்கும் என்றார். இரண்டாவது ஆளிடம் சுருக்கமாக விளக்கினார். தெத்சுஜி உட்கார்ந்தபோது வெளியே வரிசை சாகே கடைவரை நீண்டிருந்தது.

“தேவலைடா,” என்றார் நவாதா.

“முதுகுதானே?”

“முதுகுதான்.”

“எனக்கு அப்பவே தெரியும்,” என்று தெத்சுஜி திருப்தியோடு கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் திறப்பு விழா நடந்தது. பலகையைத் திறந்தார்கள். சென்சே ஒரு மணி நேரம் பேசினாராம். நவாதா போகவில்லை. அவருக்கு வேலை இருந்தது.

விழா முடிந்த அடுத்த நாள் காலை, கம்பத்தை ஓடவிட்டுவிட்டு அவர் உள்ளே வந்தபோது மித்சுயோ நாற்காலிகளில் பழக்கூடைகளையும் காலிப் பெட்டிகளையும் பரப்பி வைத்து, யார் யார் கொடுத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்றே?”

“எல்லாருக்கும் பதில் மரியாதை அனுப்ப வேணாமா? உடம்பு தேறினா அனுப்பித்தானே ஆகணும்? சோப்புதான் வழக்கம். நோயைக் கழுவினதா அர்த்தம்.”

“எந்த நோயை? எனக்கு நோயே வரலையே!”

“திராட்சையை யார் தின்னது?”

வாசலில் மணி ஒலித்தது. சென்சே வீட்டிலிருந்து ஒரு மரப்பெட்டியை அனுப்பியிருந்தார்கள். உள்ளே தாள் சுற்றி, பட்டுப் பஞ்சில் படுக்க வைத்த ஒரு முலாம்பழம். ‘தாமதத்துக்கு வருந்துகிறேன், உடல்நலம் தேறியதில் மகிழ்ச்சி’ என்று எழுதியிருந்தது. நல்லவேளை, வாசிக்கிற மாதிரி எழுத்து. அவர் மனைவி எழுதியிருப்பாள்.

மித்சுயோ பழத்தைத் தட்டிப் பார்த்தாள். “இதுக்கு ஈடா சோப்பு மட்டும் அனுப்பினா நல்லா இருக்காதே?”

“துண்டும் சேர்த்து வை,” என்றார் நவாதா. “இனிமே எனக்கு நிஜமாவே உடம்பு சரியில்லாம போனா, சத்தியமா யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

“இந்தத் தடவை மட்டும் நீங்க சொல்லியா பழம் வந்துச்சு?” என்று அவள் கத்தரியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு அன்றைய முதல் ஆள் உள்ளே வந்து, ஆழமாக வணங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு உடல்நலம் விசாரிக்க ஆரம்பித்திருந்தார்.